பன்னிரண்டாவது நாற்காலி

பந்து உள்ளேதான் விழுந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பாதியில் எழுந்து போனாலும் இந்த ஒன்று மனசில் நின்றால் எனக்குப் போதும். கோட்டுக்கு உள்ளே. ஒரு முழம் உள்ளே.

"மொத வருசம் கோட்டு மேலன்னீங்க," என்பாள் என் மனைவி ஆரோக்கியம்மாள். "அப்புறம் நாலு விரல் உள்ளன்னீங்க. இப்ப ஒரு முழம். இன்னும் ரெண்டு வருசம் போனா பந்து நெட்டையே தாண்டியிருக்காதுங்க."

அவள் அப்படித்தான் பேசுவாள். அவுட்டு சொன்னவன் அவள் தம்பி.

நடந்தது எழுபத்தெட்டாம் வருடம், எங்கள் கோயில் திருவிழாவில். நல்லம்பள்ளியிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பூப்பந்துப் போட்டி. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், இருபத்தொன்பது பாயிண்ட் எடுத்தவர் ஜெயித்தவர். மேலத்தெருவுக்கு நான் கேப்டன். ஜெயித்த கேப்டனுக்குக் கையில் ஒரு கோப்பை கொடுப்பார்கள். அன்று மத்தியானமே அவர் வீட்டில் ரெண்டு தெரு ஆட்டக்காரர்களுக்கும் கறிச்சோறு போட வேண்டும். அது ஊர் வழக்கம். வீட்டு முன்னால் செருப்பு மலை போலக் குவிந்திருக்கும். பார்க்கவே ஒரு கம்பீரம்.

அம்பயராக நின்றவன் சவுரியப்பன். என் மச்சான். ஊரில் அப்போது இங்கிலீஷில் பாயிண்ட் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தமிழில் சொன்னால் ஆட்டம் நடக்காதா என்று கேட்பீர்கள். நடக்காது. "சுழியும் சுழியும், ஆடுங்கப்பா" என்றால் எவன் ஆடுவான்? "லவ் ஆல், பிளே!" என்று கத்தினால்தான் கால் தானாகத் துள்ளும்.

அவர்கள் இருபத்தெட்டு. நாங்கள் இருபத்தெட்டு. சர்வீஸ் எங்கள் கையில். நான் எம்பி அடித்த அடியில் பந்து மூலைக்குப் போய் விழுந்தது. உள்ளே. சவுரியப்பன் விசிலை ஊதினான். கையை நீட்டினான்.

"அவுட்டு!"

சர்வீஸ் கை மாறியது. மூன்றாவது அடியில் ஆட்டமும் போனது.

அவுட்டு என்பது இங்கிலீஷில் ஒரு பொல்லாத வார்த்தை. கரண்டு போனால் அவுட்டு. பரீட்சைப் பேப்பர் முன்னாலேயே வெளியே வந்தால் அவுட்டு. மாதையன் டீக்கடையில் வடை தீர்ந்தால் அவுட்டு. ஆள் போய்ச் சேர்ந்தால் அதுவும் அவுட்டு. இத்தனைக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் காலம் தள்ளியிருக்கிறான். அவன் சிக்கனக்காரன். ஆடுகிற இடத்துக்கும் கோர்ட்டு என்றுதான் பேர் வைத்தான், வக்கீல்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்கும் அதே பேர்தான் வைத்தான். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். ரொம்ப நாள் இது எனக்கு விளங்கவில்லை. எழுபத்தெட்டில் விளங்கியது. ரெண்டு இடத்திலும் கண்ணால் பார்த்தவன் பேச்சு எடுபடாது.

அன்றே சபதம் போட்டேன். பந்து உள்ளேதான் விழுந்தது என்று வாய் திறந்து ஒப்புக்கொள்ளும்வரை சவுரியப்பன் கால் என் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. அவனோடு ஒரு வார்த்தை கிடையாது.

ஒன்பது வருடம் சபதத்தைக் காப்பாற்றினேன். சும்மா இல்லை. கஷ்டப்பட்டுக் காப்பாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு கட்டம் வரும். "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்பார் சாமியார். எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள். ஆண்கள் பக்கத்தில் சவுரியப்பன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று முதலிலேயே பார்த்துவைத்து, நடுவில் ஒரு தூண் இருக்கிற மாதிரி நான் இடம் பிடிப்பேன். சமாதானம் வரும்போது தூணைப் பார்த்துக் கும்பிடுவேன். ஒன்பது வருடத்தில் அந்தத் தூணுக்கும் எனக்கும் ஒரு மனஸ்தாபமும் கிடையாது.

இதற்கிடையில் சவுரியப்பனுக்கு மின்சார இலாகாவில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? லைன்மேன். கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்கு லைன்மேன் வேலை.

எண்பத்தேழாம் வருடம் மகள் மதலேனம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் தவக்காலம்; அதில் கறி தின்னக் கூடாது, கல்யாணமும் வைக்கக் கூடாது. ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் தேதி குறித்தோம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கவேண்டிய நேரத்தில் ஆரோக்கியம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். கையில் முறம். முறத்தில் கேழ்வரகு.

"ஏனுங்க, பத்திரிகையில தாய்மாமன் பேரு போடணும்."

"எந்தத் தாய்மாமன்?"

"என்னமோ பத்துப் பேரு வரிசையில நிக்கறாப்பல கேக்கறீங்க. எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

"பந்து உள்ளதான் விழுந்துச்சுன்னு ஊரு முன்னால சொல்லச் சொல்லு. கொட்டை எழுத்துல போடறேன்."

"அந்தப் பந்தையே எலி தின்னு ஆறு வருசம் ஆச்சுங்க."

"எலி தின்னது பந்தைத்தான். நியாயத்தை இல்ல."

"தாய்மாமன் மாலை போடாம, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாம எம்புள்ள கோயிலுக்குள்ள போவணுமா? ஊரு சிரிக்காதா?"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க அந்தத் தூணுக்குத்தான் ஜோடி."

முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி என் மேல் பறந்தது. நான் அசையவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அது உமி பறந்ததால் இல்லை என்று எனக்கும் தெரியும். மகளும் ரெண்டு நாள் என் தட்டில் குழம்பை மட்டும் ஊற்றினாள், பேச்சை ஊற்றவில்லை. என்ன செய்வது? சபதம் சபதம்தானே. படியைத் தாண்டி அவன் வரவேண்டும் என்றால் முதலில் அவன் தலை குனிய வேண்டும்.

அந்த வருடம் எங்கள் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். சின்ன வயசு. எதைக் கேட்டாலும் சிரிப்பார். கோயில் சுவரில் நீல பெயிண்டில் "காட் இஸ் லவ்" என்று எழுதி வைத்தார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"சாமி, லவ்வுன்னா என்னங்க?"

"அன்பு."

"பூப்பந்துல லவ்வுன்னா சைபருங்களே. அப்ப கடவுள் சைபர்ன்னா எழுதி வெச்சிருக்கீங்க?"

சாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "யாகப்பா, ஆட்டம் அங்கருந்துதானே ஆரம்பிக்குது?" என்றார். பதில் தெரியாமல் சமாளிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கால் கழுவுகிற கதைக்கு வருகிறேன். பெரிய வியாழக்கிழமை, அதாவது ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். அவர்கள் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். இயேசு செய்த மாதிரியே சாமியார் மண்டியிட்டு அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் அதற்கு ஒரு வால் உண்டு. காலைக் கழுவினவருக்கு, கழுவிக்கொண்டவர் மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டும். முன்னால் இருந்த சாமியார் பாவம் பன்னிரண்டு வீட்டுக்கும் நடப்பார். வீட்டுக்கு ரெண்டு கரண்டி. எட்டாவது வீட்டைத் தாண்டினால் அவர் வயிற்றுக்குள் கஞ்சி அலையடிப்பது நமக்குக் கேட்கும். ஊரே ஒருசந்தியாகப் பட்டினி கிடக்கிற நாளில் ஊரிலேயே வயிறு நிறைந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் ஏழு முறை அப்போஸ்தலராக இருந்திருக்கிறேன். என் பேர் யாகப்பன். அப்போஸ்தலர் பேர். உரிமை இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாவது நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பேரால் அதை ஊரில் யூதாஸ் நாற்காலி என்பார்கள். அதில் உட்கார்ந்தவனை அந்த வருடம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள். அதனால் அதற்கு மட்டும் சீட்டுக் குலுக்கிப் போடுவது வழக்கம்.

பெரிய வியாழனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரோக்கியம்மாள் கோயிலைப் பெருக்கிவிட்டு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். தனக்குத்தானே பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"இந்தச் சாமிக்கு வேற வேலை இல்ல. புதுசு புதுசா எதையாவது கொண்டாருது."

"என்னாவாம்?"

"உங்களுக்கு என்னாத்துக்கு? நீங்க இந்த வருசம் உக்காரப் போறீங்களா?"

"சொல்லு புள்ள."

"இந்த வருசம் சாமி மொத ஆளு காலை மட்டுந்தான் கழுவுமாம். மொத ஆளு ரெண்டாவது ஆளு காலை. ரெண்டாவது ஆளு மூணாவது ஆளு காலை. இப்படியே வரிசையாப் போவுமாம்."

"சரி, கடைசி ஆளு?"

"கடைசி ஆளுக்கு யாரு இருக்கா? அவன் கழுவிக்கறதோட சரி."

வெங்காயத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"எந்தம்பி தலையெழுத்துதான் பாவம். அவனுக்குப் பதினொண்ணாவது நாற்காலியாம். யூதாஸ் காலைக் கழுவணும். சீட்டுல எவன் பேரு வருதோ, எந்தக் கழனிக் காலோ."

எனக்கு உள்ளே பல்பு எரிந்தது. நூறு வாட்ஸ் பல்பு. பதினொன்றாவது சவுரியப்பன். பன்னிரண்டாவது நான் என்றால்? ஊரே பார்க்க, சாமியார் பார்க்க, பீடத்துக்கு முன்னால் சவுரியப்பன் மண்டி போட்டு என் காலைப் பிடிப்பான். தலையைக் குனிவான். முத்தமும் கொடுப்பான். அதற்கு மேல் என்ன மன்னிப்பு வேண்டும்? நான் யார் காலையும் தொட வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டை இல்லை.

அவளிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் அவள் ஆற்றுக்குத் துணி எடுத்துப் போன நேரம் பார்த்து, அவள் வளர்த்த கறுப்புக் கோழியைப் பிடித்துத் துண்டில் சுற்றி உபதேசியார் பெரியநாயகம் வீட்டுக்குப் போனேன். பூசைக்கு நாற்காலி போடுவது முதல் மெழுகுவத்தி கொளுத்துவது வரை உபதேசியார் பொறுப்பு.

"அண்ணே, இந்த வருசம் நான் உக்காரறேன்."

"உக்காரு யாகப்பா. நாலாவது காலியா இருக்குது."

"பன்னெண்டாவது குடுங்கண்ணே."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யூதாஸ் நாற்காலியா?"

"ஒரு தாழ்ச்சிக்குத்தான். தவக்காலம் பாருங்க."

"இருவத்தி ரெண்டு வருசமா உபதேசியாரா இருக்கேன். அந்த நாற்காலியிலருந்து தப்பிக்கக் கோழி குடுத்தவன் உண்டு. அதுல உக்காரக் கோழி குடுக்கறவன் நீ ஒருத்தன்தான்."

"வெளிய சொல்லாதீங்க. வூட்ல கூட."

"சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றார். கோழி துண்டுக்குள்ளிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கோழியைக் காணோம் என்று ஆரோக்கியம்மாள் கேட்டாள். "கீரி தூக்கியிருக்கும்," என்றேன். "பெரிய கீரியா இருக்கும்," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். நான் மாட்டினேன் என்று நினைத்திருந்தேன். தப்பித்ததும் எனக்கே என் மூளை மேல் ஒரு மரியாதை வந்தது.

பெரிய வியாழனுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து செருப்புப் போடுவதை விட்டேன். மாட்டுக் கொட்டாயில் காலையும் மாலையும் நடந்தேன். செம்மண் காட்டில் நடந்தேன். குட்டையில் இறங்கி, சேறு காயும்வரை வெயிலில் நின்றேன். சவுரியப்பனுக்கு நல்ல வேலை வைக்க வேண்டும் அல்லவா?

"என்னாங்க, மாட்டுக்கொட்டாயிலயே குடியிருக்கறீங்க?"

"உடம்புக்கு நல்லது."

"யாரு உடம்புக்கு?" என்றாள் ஆரோக்கியம்மாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. தம்பியை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பெரிய வியாழன் வந்தது. கோயில் நிறைந்து வழிந்தது. டீக்கடை மாதையன் நம்ம சாமி கும்பிடுகிறவன் இல்லை. அவனையும் வரச் சொல்லியிருந்தேன். சாட்சிக்கு வெளியாள் ஒருவர் இருப்பது நல்லது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். நான் வெள்ளை வேட்டி சட்டையில் போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் கிசுகிசு. "யூதாஸ் வந்தாச்சு டோய்," என்று ஒரு குரல். நான் முறைக்கவில்லை. அரசன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கீழே மட்டும் அரசன் இல்லை.

சாமியார் முதல் ஆளின் காலைக் கழுவினார். முதல் ஆள் ரெண்டாவது ஆளின் காலை. அப்படியே வந்தது. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்றில் சவுரியப்பன் காலைக் கழுவி முடித்தார்கள். அவன் எழுந்தான். துண்டை இடுப்பில் கட்டினான். குடமும் தாம்பாளமும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து மண்டி போட்டான்.

என் காலைப் பார்த்தான். பிறகு தண்ணீர் ஊற்றினான். முதல் தண்ணீர் கறுப்பாக ஓடியது. ரெண்டாவது தண்ணீர் சிவப்பாக ஓடியது. மற்றவர்கள் ஒப்புக்கு நாலு சொட்டு ஊற்றித் துடைத்தார்கள். இவன் கம்பம் ஏறிக் காய்த்துப்போன கையால் விரலுக்கு விரல் தேய்த்தான். குதிகால் வெடிப்பில் நகத்தை விட்டுச் சேற்றை எடுத்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அவன் உச்சந்தலை தெரிந்தது. எழுபத்தெட்டில் அந்தத் தலையில் சீப்பு உடைகிற மாதிரி முடி இருக்கும். இப்போது நடுவில் ஒரு சொட்டை. சுற்றிலும் நரை. இந்தப் பயலுக்கு எப்போது வயசானது? தூணுக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்கு இது தெரியவே இல்லை.

துடைத்தான். முத்தமிட்டான். என் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. சாம்பிராணிப் புகையாக இருக்கும்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாதையனைப் பார்த்துக் கண்ணடித்தேன். சவுரியப்பன் பின்னாலேயே வந்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினான்.

"நாளைக்கு வர்றேனுங்க மாமா."

நான் பேசக் கூடாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"எங்கடா?"

"கஞ்சிக்குங்க."

என் நெஞ்சு நிமிர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

வழக்கம். காலைக் கழுவினவருக்குக் கஞ்சி. வீட்டுக்குள். நான் கஞ்சியைச் சாமியார் சாப்பாடு என்றே நினைத்துப் பழகியிருந்தேன். கழுவுகிற கை மாறினால் கஞ்சியும் மாறும் என்று புத்தியில் படவே இல்லை. நடையில் சாமியார் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கு யாரு யாரு வூட்ல கஞ்சின்னு தெரியுமில்ல? மறந்துடாதீங்க." என்னைப் பார்த்தும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "நாளைக்கு நான் அரூர் போறேன்," என்றேன்.

"பெரிய வெள்ளிக்கிழமையிலயா? அங்க யாரு இருக்கா?"

"ஆளு இல்லாட்டி என்ன? ஊரு இருக்குதில்ல."

"போயிட்டு வாங்க. கால் கழுவினவனுக்குக் கஞ்சி ஊத்தாதவன் திருவிழாவுல சப்பரத்துக்குத் தோள் குடுக்கக் கூடாது. அதுவும் வழக்கந்தான். ஞாபகம் இருக்குதில்ல?"

முப்பது வருடமாகச் சப்பரத்தின் முன் கொம்பு என் தோளில்தான். அதை விட முடியாது. ராத்திரி முழுக்க யோசித்துக் காலையில் வேறு வழி சொன்னேன்.

"வாசலுக்கு வெளிய பெஞ்சு போட்டு ஊத்திடு. கஞ்சியும் ஆச்சு, படியும் மிதிக்கல."

"ஓ, போடலாமே. தெருவே பாக்கட்டும். காலுக்கு முத்தம் குடுத்தவனை யாகப்பன் நாய்க்கு ஊத்தறாப்பல வெளிய வெச்சு ஊத்தினான்னு சொல்லட்டும். சம்பந்தி வூட்டுக்காரங்களும் நாளன்னிக்கு ஈஸ்டருக்கு வர்றாங்க. அவங்க காதுலயும் விழட்டும்."

முற்றத்தைப் பார்த்தேன். அங்கே கறுப்புக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அதே கோழி. அதே கோணல் கொண்டை. தப்பித்துத் தானாக வீட்டைத் தேடி வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். ஆனால் அதன் காலில் கட்டியிருந்த கயிறு உபதேசியார் வீட்டுக் கயிறு இல்லை. ஆரோக்கியம்மாளின் பழைய சேலைக் கரை.

"கீரி திருப்பிக் குடுத்துடுச்சா?" என்றேன்.

"அன்னிக்கு சாயங்காலமே குடுத்துடுச்சு. ஒரு வாரமா பின்னால கட்டி வெச்சிருந்தேன். தவக்காலத்துல கோழியை வெச்சுக்கிட்டு உபதேசியாரு என்னா பண்ணுவாரு?"

"அப்ப அந்த வரிசையா கழுவற யோசனை?"

"சாமிக்கிட்ட நான்தான் சொன்னேன். நல்லா இருக்குதேன்னாரு. தம்பியைப் பதினொண்ணுல போடச் சொன்னதும் நான்தான். உங்களை மட்டும் நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களாத்தான் கோழி குடுத்துப் போயி உக்காந்தீங்க."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மத்தியானம் சவுரியப்பன் வந்தான். அன்று கோயில் மணி அடிக்காத நாள். தெரு அமைதியாக இருந்தது. படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றினான். சொம்புத் தண்ணீரில் காலைக் கழுவினான். என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வலது காலை எடுத்து வைத்தான். ஒன்பது வருடச் சபதம், சத்தமே இல்லாமல் போனது. மகள் மதலேனம்மாள் ஓடி வந்து, "மாமா!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயசுப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

கஞ்சியும் பயத்தந் துவையலும் வைத்தாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

"சவுரி," என்றேன். "படி மிதிச்சாச்சு. அது போவட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. பொய் சொல்லக் கூடாது. அந்தப் பந்து?"

"உள்ளதாங்க மாமா," என்றான். யோசிக்கவே இல்லை. "கோட்டு மேல விழுந்துச்சு. சுண்ணாம்பு பறந்ததை நானே பாத்தேன்."

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. கஞ்சி மடியில் இருந்ததால் ஆடவில்லை.

"கேட்டியா!" என்று ஆரோக்கியம்மாளைப் பார்த்துக் கத்தினேன். "கேட்டியா! என்னா சொன்னேன்? ஒன்பது வருசமா என்னா சொல்லிட்டு இருக்கேன்?"

"ஒரு முழம்னீங்க," என்றாள்.

"கோட்டு மேலன்னாலும் உள்ளதான்! டேய், பாத்துட்டு ஏண்டா அவுட்டு சொன்ன?"

சவுரியப்பன் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல அக்காவைப் பார்த்தான். நானும் அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"என்னாது?"

"நம்ம சின்னவன் பொறந்து நாப்பது நாளுங்க அன்னிக்கு. ஆட்டம் ஜெயிச்சா நீங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவீங்க. அம்பயரு, பாயிண்ட் எழுதினவன், கோடு போட்டவன், பந்து பொறுக்கினவன்னு நாப்பது பேரு ஆயிடும். கைப்புள்ளையை வெச்சுக்கிட்டு நாப்பது பேருக்குக் கறிச்சோறு ஆக்க என்னால முடியுமா? 'கடைசியில நான் முக்காடு போட்டா அவுட்டு சொல்லிடுடா'ன்னு தம்பிகிட்டச் சொன்னேன். போட்டேன். சொல்லிட்டான்."

"அக்காவைக் காட்டிக் குடுக்க முடியுங்களா மாமா?" என்றான் சவுரியப்பன்.

ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். யூதாஸ் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். வேலையைச் செய்தவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன் அவளிடம். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"நாலு நாள்ல மறந்துடுவீங்கன்னு நெனைச்சேங்க. நீங்க என்னடான்னா தூணைக் கும்புட ஆரம்பிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் எங்க சொல்றது?"

நான் எழுந்து நின்றேன். பெரிய முடிவு ஒன்று எடுத்தேன். கோபம் என்று வந்தால் அது சரியான ஆள் மேல் இருக்க வேண்டும். சவுரியப்பன் மேல் இருந்த ஒன்பது வருடக் கோபத்தை அப்படியே பெயர்த்தெடுத்து அவள் மேல் வைத்தேன்.

"இதைக் கேட்டுக்கோ. நாளையிலருந்து உங்கூட எனக்கு ஒரு வார்த்தை கெடையாது."

"நாளைக்கு என்னாத்துக்குங்க, இன்னிக்கே ஆரம்பிங்க," என்றாள் ஆரோக்கியம்மாள். "மாங்கா ஊறுகா வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லிட்டு ஆரம்பிங்க."

"வேணும்," என்றேன்.